லென்ஸ் கொஞ்சம் திரும்பினாலும் பார்வை மாறும்

கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டது, வெளிச்சமும் பளிச்சென்று வருகிறது, ஆனாலும் கியூர்பிப் ஊர் பஸ்ஸின் பலகையைப் படித்தால் எழுத்துக்கு எழுத்து நிழல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று இங்கே மொரீஷியஸில் பெரியவர்கள் சிலர் குறைப்படுவதுண்டு. புரை இருந்தது கண்ணுக்குள் இருந்த லென்ஸில், அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தாயிற்று. இந்த நிழலோ பெரும்பாலும் கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் படலமான கருவிழியிலிருந்து வருவது. அது கரண்டியின் முதுகு மாதிரி ஒரு திசையில் அதிகமாகவும் குறுக்கே குறைவாகவும் வளைந்திருந்தால் ஒளி ஒரே புள்ளியில் குவியாது. கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் என்று எழுதுவது இதைத்தான்.

லண்டனில் 1949இல் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாக வைத்த செயற்கை லென்ஸ் எல்லாத் திசையிலும் ஒரே பவர் கொண்டது. டோரிக் லென்ஸ் அப்படியல்ல, கருவிழியின் கோணலை ஈடுகட்ட அதற்குத் திசைக்கொரு பவர். அதனால் சரியான பவரை வைத்தால் மட்டும் போதாது, சரியான கோணத்திலும் வைக்க வேண்டும். படுத்தால் கண் சில டிகிரி தானாகவே சுழன்றுவிடும் என்பதால், நோயாளியை உட்கார வைத்தே கண்ணில் மையால் குறி போடுவார்கள் (இப்போது கேமராவாலும் பார்க்கிறார்கள்).

இவ்வளவு பார்த்தும் லென்ஸ் திரும்பிவிடலாம், அதுவும் பெரும்பாலும் முதல் நாளிலேயே. 3 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) சிலிண்டரைத் திருத்தும் லென்ஸ் 10 டிகிரி விலகினால் 1 டயாப்டர் போல மிஞ்சும். 30 டிகிரி விலகினால் சிலிண்டரைத் திருத்தியதில் பயனே இல்லை, அதே அளவு மிஞ்சும், அதன் கோணம்தான் மாறியிருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சில வாரங்களுக்குள் திருப்பி வைக்கலாம். விட்டால் லென்ஸைச் சுற்றியுள்ள பை இறுகிக்கொள்ளும்.

சரி, வைத்தது சாதாரண லென்ஸ், அல்லது பழைய லென்ஸைத் தொடவே பயமாக இருக்கிறது என்றால்? பழைய லென்ஸுக்கு முன்புறம், கண்ணின் நிறத்திரைக்குப் பின்புறம் இருக்கும் சின்னப் பள்ளத்தில் இன்னொரு டோரிக் லென்ஸைச் செருகலாம். பழையதை எடுக்க வேண்டாம், ஒத்துவராவிட்டால் புதியதை மட்டும் எடுத்துவிடலாம், அதனால்தான் எனக்கு இந்த வழி பிடிக்கிறது. நிறத்திரையில் உரசாமலிருக்க அதன் ஓரம் வழவழப்பாக இருக்கும். கருவிழி மாற்று அறுவைக்குப் பிறகும் இதைச் செய்வதுண்டு, ஆனால் தையல் பிரித்துக் கருவிழி நிலைப்படும் வரை காத்திருக்க வேண்டும். வளைவு ஒழுங்கில்லாமல் இருந்தால் எந்த டோரிக்கும் முழுசாக உதவாது.

மோக்காவில் சுப்பிரமணிய பாரதி பேரில் இருக்கும் அரசுக் கண் மருத்துவமனைக்குப் போனாலும் சரி, தனியாரிடம் போனாலும் சரி, மிஞ்சியிருப்பது எத்தனை டயாப்டர், எந்தக் கோணத்தில் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அப்புறம், சர்க்கரை இருப்பவர்கள் விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே சேதம் என்றால் லென்ஸ் மேல் லென்ஸ் வைத்தும் எழுத்து தெளியாது.