ஓடாத வண்டிக்கும் வயதாகிறது

சென்ற வாரம் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் இன்னொன்று லாரியில் ஏற்றப்பட்டு எங்கள் பட்டறைக்கு வந்தது. வலது முன்சக்கரம் ஒடிந்து மட்கார்டுக்கு அடியில் சாய்ந்து கிடந்தது. வீட்டு வாசலில் இருந்து தெருவுக்குத் திருப்பும்போது நடந்தது என்பதால் யாருக்கும் காயமில்லை. இதே அவினாசி சாலையில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நடந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அந்த வண்டிக்கு என்னென்ன செய்திருந்தார்கள் தெரியுமா? புது வெபர் கார்புரேட்டர், கண்ணாடி போலப் பளபளக்கும் எக்ஸாஸ்ட், அகலமான அலாய் சக்கரங்கள், தைத்த தோல் இருக்கைகள். அத்தனையும் வீட்டு ஷெட்டிலேயே, ஞாயிற்றுக்கிழமைகளில், ஆசையோடு செய்த வேலை. வேலை சுத்தமாகவும் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் டிரன்னியனுக்குப் பல வருடமாக ஒரு சொட்டு ஆயில் போகவில்லை. கேட்டதற்கு உரிமையாளர் சொன்ன பதில்தான் என்னை எழுத உட்கார வைத்தது: "வருடத்துக்கு நாலு தடவைதான் வெளியே எடுக்கிறேன். ஓடாத வண்டிக்கு என்ன சர்வீஸ்?"

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் நான் சலிக்கச் சலிக்கக் கேட்கும் வாசகம் இது. தயவுசெய்து இதை மனதில் இருந்து எடுத்துவிடுங்கள். கிலோமீட்டர் கணக்கு தினமும் ஓடும் வண்டிக்குத்தான். நிற்கும் வண்டிக்கு மாதக் கணக்குதான் கணக்கு. பிரேக் ஆயில் நிற்கும்போதும் காற்றில் இருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. ரப்பர் நிற்கும்போதும் இறுகுகிறது. பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாகிறது. வீல் சிலிண்டரில் பிஸ்டன் நின்ற இடத்திலேயே துரு பிடித்து ஒட்டிக்கொள்கிறது. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிப்போகிறது. டயரில் சாலையைத் தொடும் கட்டை தேயாமல் முழுசாக இருக்கும், பக்கச்சுவர் வெடித்திருக்கும். டயரின் ஓரத்தில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், அதைப் படியுங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அது பார்க்கப் புதுசாக இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ஓடுகிற வண்டியாக இருந்தால் இவற்றில் பாதி, ஓட்டும்போதே காதிலோ காலிலோ தெரிந்திருக்கும். ஷெட்டில் நிற்கும் வண்டி எதையும் சொல்லாது.

இதற்கு மாற்று மருந்து என்று நினைத்துப் பலர் ஒன்று செய்கிறார்கள். வாரம் ஒரு முறை சாவியைப் போட்டு, நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைப்பார்கள். இது நல்லதல்ல, கெடுதல். ஐந்து நிமிடத்தில் இன்ஜின் ஆயில் சூடாவதே இல்லை. எரிந்ததில் உண்டாகும் நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் நீராகத் தங்கிவிடுகிறது. சோக் இழுத்து ஓட்டுவதால் மிகுதிப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடுகிறது. பிரேக், கியர்பாக்ஸ், சக்கர பேரிங் எதுவும் அசைவதில்லை. அதற்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள், நாலு கியரும் போட்டு, பிரேக்கும் அழுத்தி. முடியவில்லையென்றால் இன்ஜினைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

இனி டிரன்னியன். நம் ஊரில் ஸ்பிட்ஃபயர் அபூர்வம், ஆனால் சென்னையை அடுத்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் செய்த ஹெரால்டு கார் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஸ்பிட்ஃபயரின் அடித்தளமே ஹெரால்டுடையதுதான், முன்சக்கர அமைப்பும் அதே வகை. ஆகவே ஹெரால்டு வைத்திருப்பவர்களும் இதை வாசிக்க வேண்டும்.

சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிப்பக்கத்தில் மரை வெட்டியிருக்கும். அது பித்தளை டிரன்னியனுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அந்த மரையில்தான் தண்டு திரும்புகிறது. அதற்கு வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் அல்ல. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதவில்லை, ஏனென்றால் அந்த இடத்தில் கிரீஸ் நிப்பிள் மாட்டியிருக்கிறது, நிப்பிளைப் பார்த்த கை கிரீஸ் கன்னைத்தான் தேடுகிறது. கிரீஸ் மரையின் அடிவரை இறங்குவதில்லை. கொஞ்ச நாளில் மெழுகாக இறுகி, பிறகு ஊற்றும் ஆயிலுக்கும் வழிவிடாது. மேல் முனையில் உள்ள ரப்பர் சீல் போனதும் மழைநீர் இறங்கி, டிரன்னியனுக்குள் தண்டு நுழையும் இடத்திலேயே மரையைத் தின்றுவிடுகிறது. முறிவது அங்கேதான். பெரும்பாலும் மெதுவாக, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பும்போது முறிகிறது. சென்ற வாரம் வந்த தண்டின் முறிவு முகத்தை விளக்கில் வைத்துப் பார்த்தேன். முக்கால் பங்கு பழுப்பேறிய பழைய விரிசல், கால் பங்குதான் புதிதாக மின்னியது. அந்தக் கால் பங்கு இரும்பில்தான் அந்த மனிதர் மாதக்கணக்கில் தன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

செய்ய வேண்டியது கடினமே இல்லை. இந்த வண்டிகளில் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம், இவ்வளவு வசதி பல கார்களில் கிடையாது. சக்கரத்தைத் தூக்கிப் பாரத்தை எடுத்துவிட்டு, ஆயில் நிரப்பிய கன்னால் மேல் சீல் வழியே ஆயில் கசியும் வரை ஏற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். தரையில் நாலு சொட்டு விழும், விழட்டும். ஏற்கெனவே கிரீஸ் ஏற்றியிருந்தால் கழற்றிக் கழுவித்தான் ஆக வேண்டும். இடது பக்கத்தில் இடது மரை, வலது பக்கத்தில் வலது மரை, மாற்றித் திருகிக் கெடுத்துவிடாதீர்கள். மரையில் அரிப்புக் குழி தென்பட்டால் தண்டைத் தூர எறியுங்கள். வெல்டிங் வைத்துச் சரிசெய்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது பிரேக். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்ற வேண்டும். பழைய கார் உரிமையாளர்களில் இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயிலைப் பலமுறை டிகாஷன் நிறத்தில் வடித்திருக்கிறேன். டாட் 4 (DOT 4) தரத்துப் புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி வரை இறங்கலாம் என்று தரவிதியே சொல்கிறது, அதற்கும் மேல் ஈரம் ஏறினால் இன்னும் கீழே போகும். கோவைத் தெருக்களில் இது தெரியாது. ஊட்டியில் பழைய கார் பேரணிக்குப் போய்விட்டு, குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, கல்லாறு வருவதற்குள் பெடல் தரையைத் தொடும். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் சுற்றுதான். போனால் நான்கும் போகும். மலை இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள்.

ஆயில் குறைந்திருக்கிறது என்று கையில் கிடைத்த பவர் ஸ்டியரிங் ஆயிலையோ இன்ஜின் ஆயிலையோ பிரேக் டப்பாவில் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அதன் பிறகு அந்தச் சுற்றில் உள்ள ஒவ்வொரு ரப்பரும் ஊதிப்போகும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பிரேக் டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரசரால் ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். குழந்தைகள் விளையாடும் வாசலில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

பெட்ரோல் குழாய் பற்றி முன்பெல்லாம் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அறுபதுகளின் ரப்பரும் கார்க்கும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹோஸ் உள்ளே மெதுமெதுத்து, வெளியே வெடிப்பு விடும். விரலால் வளைத்துப் பாருங்கள், மேலே மெல்லிய கோடுகள் விரிந்தால் அன்றே மாற்றுங்கள். வாங்கும்போது ஹோஸின் மேல் ஜே30 ஆர்9 (J30 R9) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்பிட்ஃபயரில் கார்புரேட்டர்கள் எக்ஸாஸ்ட் குழாய்க்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கின்றன, டேங்க் இருக்கைகளுக்குப் பின்னால் டிக்கிக்குள் இருக்கிறது. கசிவு எங்கே விழும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. எலக்ட்ரிக் பம்ப் மாட்ட ஆசைப்பட்டால் கார்புரேட்டருக்கான குறைந்த அழுத்தப் பம்பாக வாங்குங்கள், மோதினால் தானே நிற்கும் சுவிட்சும் சேர்த்து மாட்டுங்கள். இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப்பைக் கொண்டுவந்து மாட்டிய வண்டியையும் பார்த்துவிட்டேன். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அடைத்து நிறுத்தும் நீடில் வால்வு அந்த அழுத்தத்தைத் தாங்காது. பாட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச், ஷெட்டில் ஒரு தீயணைப்பான், இரண்டும் தோல் இருக்கையை விட மலிவு. பெட்ரோல் வடிக்கும் வேலையை வண்டிக்கு அடியில் வேலை பார்க்கும் குழிக்குள் இறங்கிச் செய்யாதீர்கள். ஆவி கனமானது, குழியில்தான் தங்கும்.

வண்டிக்கு அடியில் படுக்கும் முன் ஒரு வேண்டுகோள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. ஸ்டாண்டு வைக்காமல், செங்கல்லையும் மரக்கட்டையையும் நம்பி அடியில் போகாதீர்கள். இந்த வண்டிகளின் சேஸிஸில் இருந்து பக்கவாட்டில் நீளும் கைகளில் உள்ளிருந்து துரு ஏறியிருக்கும், ஸ்டாண்டு வைக்கும் இடத்தை முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். வீட்டில் யாராவது ஒருவருக்கு நீங்கள் அடியில் இருப்பது தெரிந்திருக்கட்டும்.

மாற்றங்கள் செய்வதற்கு நான் விரோதி அல்ல. ஆனால் வரிசை முக்கியம். 1970க்கு முந்தைய ஸ்பிட்ஃபயரில் பின்சக்கரங்கள் பழைய ஸ்விங் ஆக்சில் அமைப்பு, அதாவது சக்கரம் ஆக்சிலோடு சேர்ந்தே சாயும். வளைவில் வேகமாக நுழைந்து, பயந்து ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி சுழலும். அந்தக் குறையைத் தணிக்கத்தான் நிறுவனமே அடுத்த மாடலில் பின்பக்க ஸ்பிரிங் பட்டையின் அமைப்பை மாற்றியது. அதைத் தொடாமல் இன்ஜினின் வலுவை மட்டும் கூட்டுவது எந்தக் கணக்கு? அகலச் சக்கரம் போட்டால் அந்தப் பாரம் முழுவதும் டிரன்னியனுக்கும் பேரிங்குக்கும்தான் போகிறது. முதலில் பிரேக், பிறகு சஸ்பென்ஷன், கடைசியில் இன்ஜின்.

இன்ஜினையே மாற்றிவிடலாம், ஏதாவது ஒரு டீசல் இன்ஜினை வைத்துவிடலாம் என்று கேட்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி, முதல் பதிவு முடிந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்கு வி.ஏ. எழுத்துகளோடு தனி எண் வாங்கலாம், பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. இன்ஜின் மவுன்டிங்கை வெட்டி எடுத்த பிறகு என்னிடம் வந்து வழி கேட்டால் என்னிடம் வழி இல்லை. வெட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். கழற்றிய அசல் பாகங்களில் ஒன்றைக்கூடப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள், ஒவ்வொன்றிலும் அட்டை கட்டி எடுத்து வையுங்கள்.