கைலிக் கட்டம் சாய்ந்தால் போர்வையும் சாயும்

துணித் துண்டுகளை இணைத்து ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு சின்னச் சோதனை. வீட்டில் பழைய கைலி ஏதாவது கிடக்கிறதா? குறிஞ்சிப்பாடிப் பக்கம் தறியில் நெய்த, கட்டம் போட்ட பருத்திக் கைலி என்றால் ரொம்ப நல்லது. அதில் ஒரு சாண் சதுரம் வெட்டி, கோடு ஓடுகிற திசையிலேயே பிடித்து இழுத்துப் பாருங்கள். அசைந்து கொடுக்காது. இப்போது மூலைக்கு மூலை பிடித்து இழுங்கள். கட்டமெல்லாம் சாய்ந்து டைமண்ட் ஆகும், துணி ஒரு பக்கம் நீண்டு இன்னொரு பக்கம் ஒடுங்கும்.

நூல் நீளவில்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் சந்திக்கிற இடத்தில் முடிச்சு எதுவும் கிடையாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நேராக இழுத்தால் அந்தத் திசையில் ஓடும் நூலே பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. மூலைவாக்கில் இழுக்கும்போது தாங்க ஒரு நூலும் இல்லாததால், ஆணி தளர்ந்த ஜன்னல் சட்டம் சாய்கிற மாதிரி எல்லாச் சந்திப்பும் கொஞ்சம் கொஞ்சம் திரும்பிக்கொள்கிறது. தையல்காரர்கள் ஜாக்கெட்டைக் கிராஸ் கட்டிங்கில், அதாவது மூலைவாக்கில், வெட்டுவது இதற்காகத்தான், உடம்போடு படிந்து நிற்கும்.

ஒட்டுத்துணிப் போர்வையில் இதே குணம்தான் படுத்தும். சதுரத்தை ஒரே குறுக்கு வெட்டில் இரண்டு முக்கோணமாக்கினால் நீளமான பக்கம் கிராஸில் விழுகிறது. அந்தப் பக்கம் போர்வையின் வெளி ஓரத்தில் வந்துவிட்டால் ஓரம் அப்பளம் மாதிரி அலை அலையாக நிற்கும், எத்தனை தரம் இஸ்திரி போட்டாலும் சரியாகாது. இழுத்து இழுத்துத் தேய்த்தால் இன்னும் நீளும். ஓரத்துக்கு வேண்டிய முக்கோணங்களுக்குப் பெரிய சதுரமாக எடுத்து, இரண்டு மூலைவிட்டத்திலும் வெட்டி நான்காக்குங்கள். இப்போது நீளமான பக்கம் நேர் நூலில் இருக்கும். எனக்கு இது புரிந்த நாளில் ஒரு கதவே திறந்த மாதிரி இருந்தது.

அடுத்தது சுருக்கம். அத்தைக்காக நான் தைத்த முதல் போர்வைக்கு மேல்பக்கம் பழைய காட்டன் புடவைத் துண்டுகள், அடியில் புதுக் கோராத் துணி, அதாவது வெளுக்காத பருத்தித் துணி. முதல் தடவை நனைத்துக் காயப்போட்டதும் மேல்பக்கம் முழுக்கக் கொப்புளமாகப் பொங்கிவிட்டது, பார்க்கவே மனசு கஷ்டப்பட்டது. தறியில் பாவு நூல் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தண்ணீர் பட்டதும் அந்த விறைப்பு விடுகிறது. பருத்தி நூலும் ஊறிப் பருக்கிறது, பருத்த நூலைச் சுற்றி வளைந்து போக மற்ற நூலுக்குக் கூடுதல் நீளம் வேண்டும், அதனால் துணி குறுகுகிறது. புதுப் பருத்தித் துணி மீட்டருக்கு 3 முதல் 5 செ.மீ. வரை குறைவது சாதாரணம். புடவையோ பல வருஷம் துவைத்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தது. ஆகவே புதுச்சேரி ஞாயிறு சந்தையில் வாங்கிய பிட் துணியோ கடைத் துணியோ, வெட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒருமுறை அலசிக் காயவையுங்கள். அடர் நிறக் கைலியோடு ஒரு வெள்ளைத் துண்டையும் ஊறப்போட்டால் சாயம் போகிறதா என்றும் தெரிந்துவிடும்.

அளவிலும் கவனம் வேண்டும். வரிசைக்கு 20 துண்டு என்றால் 19 தையல். தையலுக்கு விடும் கால் அங்குலம் ஒவ்வொரு துண்டிலும் 1 மி.மீ. கூடினால், தையலுக்கு 2 மி.மீ. வீதம் மொத்தம் 38 மி.மீ., அதாவது ஒன்றரை அங்குலம் காணாமல் போகும்.

சரி, நடுவில் என்ன வைப்பது? போர்வை சூடு தருவதில்லை, துணிகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடிக்கிறது. தையல் ஓடும் கோட்டில் அடுக்குகள் அமுங்கிக் காற்று வெளியேறிவிடும், அதனால் நெருக்கித் தைத்தால் கதகதப்புக் குறையும். ரொம்ப விட்டுத் தைத்தால் உள்ளே இருப்பது துவைக்கும்போது ஒருபக்கம் சுருண்டுகொள்ளும். நம்ம கடற்கரை ஊரின் மார்கழிப் பனிக்குப் பஞ்சு தேவையே இல்லை. ஒரு பழைய புடவையை இரண்டாக மடித்து நடுவில் வைத்து, நான்கு விரல் இடைவெளியில் ஓட்டுத்தையல் போட்டால் போதும். ஆனால் நன்றாக வெயிலில் காயப்போட்டு எடுங்கள், காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும், ஈரம் கோத்த போர்வை குளிரத்தான் செய்யும்.

அத்தையின் போர்வையைப் பிரித்து, அலசிய கோராவை அடியில் வைத்து மறுபடி தைத்தேன். இப்போது கொப்புளம் இல்லை.