ஹைவே போலீஸ் பைக்: கிலோமீட்டர் சொல்லாத கணக்கு

"அண்ணே, முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு. புது மாப்பிள்ளை மாதிரி இருக்குற வண்டியை எதுக்குப் பிரிக்கணும்கிறீங்க?"

நெடுஞ்சாலை ரோந்து பைக்குகளை சர்வீஸ் செய்யும் வேலையில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்டவர் சீருடையில் இருந்தார், வண்டி பளபளவென்று இருந்தது, மீட்டரும் அவர் பக்கம்தான் பேசியது. நான் கம்ப்யூட்டரை மாட்டி இன்ஜின் ஓடிய மொத்த நேரத்தை எடுத்துக் காட்டினேன். 2,100 மணி. முப்பதாயிரம் கிலோமீட்டரை சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியிருந்தால் 500 மணி ஆகியிருக்கும். மிச்சம் 1,600 மணி நேரம் அந்த இன்ஜின் எங்கேயும் போகாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது: சாலை ஓரத்தில், விபத்து நடந்த இடத்தில், பாலத்தடி நிழலில். போலீஸ் கார்கள் பற்றி ஒரு தயாரிப்பாளர் வைத்திருக்கும் கணக்குப்படி, ஒரு மணி நேரம் ஐட்லிங்கில் நிற்பது ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம். அதை அப்படியே பைக்குக்குப் போடுவது சரியா என்று வாதிடலாம். பாதியாகவே வைத்துக்கொண்டாலும் மாப்பிள்ளைக்கு வயது கூடித்தான் போகிறது.

ஹைவே பைக் என்றதும் எல்லோரும் வேகத்தைத்தான் நினைக்கிறார்கள். என் கைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை வேகத்தால் கெட்டவை அல்ல. நின்று கெட்டவை.

ஓடும் வண்டிக்குக் காற்று அடிக்கிறது, ஆயில் நல்ல அழுத்தத்தோடு சுற்றுகிறது. நிற்கும் வண்டிக்கு இரண்டும் குறைவு. ஐட்லிங்கில் முழுதாக எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு இறங்கி ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போகிறது, வால்வுகளில் கரி படிகிறது. இரண்டு சிலிண்டர் V வடிவில் நிற்கும் வி-ட்வின் இன்ஜினில் பின் சிலிண்டர் முன் சிலிண்டரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் இன்னும் மோசம். ஹார்லி-டேவிட்சனின் பெரிய வண்டிகளில் இதற்காகவே ஓர் ஏற்பாடு உண்டு: நிற்கும்போது சூடு எல்லை மீறினால் பின் சிலிண்டர் தானாக எரிவதை நிறுத்திக்கொள்ளும். அந்தச் சத்தத்தை முதல்முறை கேட்பவர் "மிஸ்ஸிங் வருது" என்று ஓடி வருவார். மிஸ்ஸிங் இல்லை, அது மூச்சு வாங்குகிறது.

அதனால் ரோந்து பைக்குக்கு ஆயில் மாற்றுவதை நான் கிலோமீட்டரை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. கையேட்டில் உள்ள கிலோமீட்டர், 150 இன்ஜின் மணி, இரண்டில் எது முந்துகிறதோ அது. ரோந்து வண்டியில் முக்கால்வாசி நேரம் மணிதான் முந்தும். பழைய போலீஸ் வண்டியை ஏலத்தில் எடுக்க நினைப்பவர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். விற்பவர் கிலோமீட்டரைச் சொல்வார். மணியை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கலாமே என்பீர்கள். நிற்கலாம், ஆனால் விளக்கு எரிய வேண்டும், வயர்லெஸ் பேச வேண்டும், கேமரா ஓட வேண்டும். இவ்வளவையும் ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? ஓய்வில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். 12.2 காட்டினால் பாதி காலி. 12-க்குக் கீழே போய்விட்டால், 300 கிலோ வண்டியை ஒரு மனிதர் சாலை ஓரத்தில் தள்ளிக்கொண்டு நிற்கும் காட்சிதான். பிஎம்டபிள்யூ தன் ஆர்டி என்ற டூரிங் வரிசையின் போலீஸ் மாடல்களில் கருவிகளுக்கென்று தனியாக இரண்டாவது பேட்டரி வைத்தது இதற்காகத்தான். எல்இடி விளக்கு வந்த பிறகு பாரம் நிறையக் குறைந்தது. ஆனால் மிச்சமான மின்சாரத்துக்கு ஈடாக நாம் புதுப்புதுக் கருவிகளைச் சேர்த்துக்கொண்டோம்.

சேர்த்தது என்றதும் எனக்கு வயிற்றெரிச்சல் வருகிறது. ஒரு வண்டி இடது பக்கம் முழுதாகத் திருப்பினால் மட்டும் அணைந்துபோகும். யூ-டர்ன் போடும்போதெல்லாம் நடுச்சாலையில் நின்றுவிடும். பெட்ரோல் பம்ப், சென்சார், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் எல்லாம் மாற்றிப் பார்த்தார்களாம், என்னிடம் வருவதற்கு முன். எனக்கும் நான்கு நாள் ஆனது. கடைசியில், யாரோ ஒருவர் சைரனுக்கு வயர் இழுத்தபோது இக்னிஷன் வயரை நடுவில் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றி விட்டிருக்கிறார். அந்த முடிச்சு ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் உரசி உரசி, உள்ளே இரண்டே இழை மிச்சம். அவசரத்தில் பாய்ந்து திரும்பும் ஒருவரின் உயிர் அந்த இரண்டு இழையில் ஓடிக்கொண்டிருந்தது. புதுக் கருவி மாட்ட வேண்டுமா, தனி ஃபியூஸ், தனி ரிலே, கழுத்துப் பகுதியில் இணைப்பே கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, சண்டையே போட்டிருக்கிறேன்.

நிற்பதற்கு அடுத்தபடி மெதுவாகப் போவது. போலீஸ் ஓட்டுநர் பயிற்சியின் பெரும்பகுதி நடை வேகத்தில், கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போவதுதான். கிளட்ச்சைப் பாதி பிடித்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திறந்து, பின் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே, போக வேண்டிய இடத்தைப் பார்த்துத் தலையைத் திருப்ப வேண்டும். திரும்பியிருக்கும் ஹேண்டிலோடு முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அந்தப் பக்கமே படுத்துவிடும். பார்க்க அழகான வித்தை. கிளட்ச் தட்டுகளுக்கு அது அடுப்பு. ஆயிலில் நனைந்திருக்கும் கிளட்ச் ஓரளவு தாங்கும். சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் பழைய பாக்ஸர் இன்ஜின்களில் இருந்த உலர்ந்த கிளட்ச் ஒரு மணி நேரப் பயிற்சியிலேயே வாசனை காட்டிவிடும். பயிற்சிக்கு ஒரே வண்டியைத் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள், மாற்றி மாற்றி எடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் பழகின வண்டிதான் வேண்டும்.

வேகத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று தோன்றும். அதற்கு வண்டியின் பின்பெட்டியைத் திறக்க வேண்டும். நான் ஒருமுறை திறந்து எடைபோட்டேன்: முதலுதவிப் பை, தீயணைப்பான், வேகம் அளக்கும் லேசர், மூச்சுப் பரிசோதனைக் கருவி, ரசீதுக் கட்டுகள், மழைக்கோட்டு, பஞ்சர் கிட், ஒரு செங்கல். செங்கல் எதற்கு என்று கேட்டேன். மண் தரையில் ஸ்டாண்ட் புதையாமல் இருக்கவாம். ஐந்து கிலோ எழுதியிருந்த பெட்டியில் பதின்மூன்று கிலோ. மொத்த எடை எல்லைக்குள்தானே இருக்கிறது என்பார்கள். 2014-இல் வந்த ஆர் 1200 ஆர்டி வண்டியின் சாதாரண மாடலுக்கு எடை 274 கிலோ, அனுமதித்த மொத்த எடை 495 கிலோ. காகிதத்தில் தாராளம். ஆனால் எடை எவ்வளவு என்பதைப் போலவே அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தின் பிடியைக் குறைக்கிறது. அந்த நிலையில் அதிவேகத்தில் வண்டி முழுவதும் நொடிக்கு இரண்டு மூன்று முறை பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கலாம். ஆங்கிலத்தில் வீவ் என்பார்கள். ஹேண்டில் மட்டும் படபடவென்று உதறும் வாபிள் வேறு, இது வேறு. பிரிட்டனில் ஒரு காவலர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, இந்த நெளிவுப் புகாரால் ஒரு பெரிய டூரிங் மாடலைப் பல காவல் படைகள் 2007-இல் ஓரங்கட்டின.

நெளிவு வந்தால் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து அடக்கப் பார்ப்பது மனித இயல்பு. இறுக்கினால் கூடும். கையைத் தளர்த்தி, டாங்க்கை முழங்காலால் அணைத்து, ஆக்சிலேட்டரை மெல்லக் குறைக்க வேண்டும். வராமல் தடுப்பது அதைவிட எளிது: டயர் காற்று, கோன் செட் (ஹேண்டில் கழுத்து பேரிங்), பின் ஷாக்கின் இறுக்கம், பெட்டி எடை. நேர்ச்சாலையிலேயே ஓடி நடுவில் தட்டையாகத் தேய்ந்த பின் டயரும் சந்தேகத்துக்குரியது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். குறைவாக ஓடும் வண்டியில் பட்டன் தேயாமலே ரப்பர் கிழடாகிவிடும்.

பிரேக் ஆயிலும் அப்படித்தான், சும்மா இருந்தாலும் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியதும் தரம் ஒப்புக்கொள்ளும் எல்லை 155 மட்டுமே. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

வண்டியைப் பற்றியே பேசுகிறேன், ஓட்டுபவரின் காதையும் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் மட்டுமே 100 டெசிபெல்லை எட்டும். தொழில்சார் பாதுகாப்புக் கணக்கில் 100 டெசிபெல்லை ஒரு நாளைக்குப் 15 நிமிடம்தான் கேட்கலாம். அதன் மேல் சைரன். காதடைப்பான் போட்டால் வயர்லெஸ் கேட்காது என்று மறுப்பார்கள். இரைச்சலை வடிகட்டிப் பேச்சை விடும் வகைகள் இருக்கின்றன. ஐம்பது வயதிலேயே, ஓய்வுபெறும் முன்பே, "என்னாது? என்னாது?" என்று என்னிடம் கேட்பவர்கள் பலர்.

கார் ஓட்டுபவர்களுக்கும் ஒன்று. பைக் ஒல்லியாக இருப்பதால், வரும் தூரத்தையும் வேகத்தையும் நம் கண் தப்பாகக் கணிக்கிறது. இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகத் தோன்றும். 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 28 மீட்டர் நகர்கிறீர்கள். சுதாரிக்க ஒன்றரை நொடி என்றாலே 42 மீட்டர் போய்விட்டது, பிரேக் பிடித்து நிற்க இன்னும் அதற்கும் மேலே வேண்டும். ஓரத்தில் நீல விளக்கு தெரிந்தால் அங்கே ஒரு மனிதர் வண்டிக்கு வெளியே நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு தடம் தள்ளிப் போங்கள், விளக்கையே உற்றுப் பார்க்காதீர்கள். கண் போகும் பக்கம் கையும் போகும்.

அந்த முப்பதாயிரம் கிலோமீட்டர் வண்டிக் காவலர் என் பேச்சைக் கேட்டுக்கொண்டார், கொஞ்சம் முறைத்துக்கொண்டேதான். இப்போது பெட்டி மூடியின் உட்புறத்தில் மணிக்கணக்கை மார்க்கரால் எழுதி வைக்கிறார், ஆயில் மாற்றிய நாளோடு. செங்கலையும் எடுத்துவிட்டு ஒரு தட்டையான பிளாஸ்டிக் துண்டு வைத்திருக்கிறார். போன வாரம் பட்டறைக்கு வந்தவர், நான் பார்க்கிறேன் என்று தெரிந்து, வாசலிலேயே இன்ஜினைப் பெருமையாக அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அரைமணி பேசினோம். கிளம்பும்போது சாவியைத் திருப்பினார், டிக் டிக் என்றது, அவ்வளவுதான்.

நீல விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. பேட்டரியில் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தேன், 11.8.