மூணாறு குளிரில் கரிச்சட்டியும் கேஸ் கீசரும்: அறை கொடுப்பவர்களுக்கும் தங்க வருபவர்களுக்கும்

டிசம்பர் பிறந்துவிட்டால் மூணாறில் ஹோம்ஸ்டே வைத்திருக்கிற எல்லோரிடமும் ஒரே கோரிக்கை வந்து நிற்கும். "அண்ணே, புள்ள நடுங்குது. ஒரு சட்டியில கொஞ்சம் கரி போட்டு ரூமுக்குள்ள வச்சுக் குடுங்களேன்." மதுரை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கமிருந்து வருகிற குடும்பங்கள்தான் அதிகம் கேட்பார்கள். வெயிலில் வளர்ந்த உடம்புக்கு இந்தக் குளிர் தாங்காது, அவர்கள் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. எடுத்துக் கொடுக்கிற நாம்தான் யோசிக்க வேண்டும்.

இங்கே வீட்டோடு சேர்த்து அறைகள் விட்டு, காலைச் சாப்பாடும் போட்டு நடத்துகிற தமிழ்க் குடும்பம் எங்களுடையது. தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகள் உரிமம், புக்கிங் கமிஷன், ஸ்டார் ரேட்டிங், இட்லியா புட்டா என்று எல்லாம் கேட்கிறார்கள். அறைக்குள் எரிகிற நெருப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ராத்திரி நம் கூரைக்குக் கீழே தூங்கியவர் காலையில் எழுந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மூணாறு டவுன் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் டவுனைச் சுற்றியுள்ள செண்டுவரை, லட்சுமி எஸ்டேட், சைலண்ட்வேலிப் புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படியும், சில விடியற்காலைகளில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். டவுனுக்குள் அவ்வளவு இல்லை. ஆனாலும் கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையும் ராத்திரி முழுக்கக் குளிரைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

கரி வேண்டாம் என்று சொன்னால் வயதானவர்கள் உடனே சொல்லும் பதில் ஒன்று உண்டு: "எங்க காலத்துல லயத்துல கணப்புப் போட்டுத்தானே தூங்கினோம்?" உண்மைதான். ஆனால் லயம் என்கிற அந்த எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளை நினைத்துப் பாருங்கள். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி. பலகைக் கதவின் கீழே காற்று சீறும். துரை பங்களாக்களில் கணப்புக்கு மேலே கல்லால் கட்டிய புகைபோக்கி இருந்தது. கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் விறகின் புகை கண்ணைக் கரித்தாலும் அது வெளியே போக வழி இருந்தது. இன்று நாம் கட்டுகிற அறை வேறு. ஜன்னலில் ரப்பர் பீடிங், ஓரமெல்லாம் சிலிக்கான், கதவுக்கு அடியில் துணிச்சுருள். குளிர் உள்ளே வராமலிருக்க அடைத்த அதே அடைப்பு, உள்ளே பிறக்கிற விஷவாயுவை வெளியே விடாமலும் அடைத்துவிடுகிறது.

அந்த வாயுவின் பெயர் கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. எரிகிற பொருளுக்குப் போதுமான காற்று கிடைக்காதபோது இது உண்டாகும். சுடர்விட்டு எரியும் நெருப்பைவிட, சிவந்து கனன்றுகொண்டிருக்கும் கரி இதை அதிகமாக வெளியிடும். புகையே இல்லையே, நல்ல கரிதானே என்று நாம் நம்புகிற கட்டம்தான் மிக மோசமான கட்டம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். மூச்சு நன்றாக வந்து போய்க்கொண்டே இருக்கும். மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போய்ச் சேராது. தூங்குகிறவருக்கு இருமல்கூட வராது. தூக்கம் மயக்கமாகிவிடும், அவ்வளவுதான்.

2020 ஜனவரி 21-ஆம் தேதி நேபாளத்தின் டமன் என்ற மலையூரில் நடந்ததை மலையாளப் பத்திரிகைகள் பல நாள் எழுதின. கேரளாவிலிருந்து சுற்றுலா போன குழுவில் எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்தார்கள். கதவையும் ஜன்னலையும் உள்ளே தாழிட்டு, கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். எட்டுப் பேரும் பிழைக்கவில்லை. அதில் நான்கு பேர் குழந்தைகள். நமக்குப் பக்கத்தில் கொடைக்கானலிலும் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இறந்துபோன செய்தி 2024-ல் வந்தது. வெளியே கேம்ப்ஃபயர் போட்டு, கோழி சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, மிச்சக் கரி வீணாகிறதே என்று உள்ளே தூக்கிவருகிற பழக்கம் நம் ஊரிலும் இருக்கிறது. கேம்ப்ஃபயர் கேட்டால் போட்டுக் கொடுங்கள். முடிந்ததும் நீங்களே நின்று தண்ணீர் ஊற்றி அணைத்து, கரியை அள்ளி அப்புறப்படுத்திவிட்டுப் படுக்கப் போங்கள். விருந்தாளி அணைத்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

கரிச்சட்டி கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து, மறுத்துவிடலாம். நாமே காசு கொடுத்துச் சுவரில் மாட்டிவைத்திருக்கிற ஆபத்து கேஸ் கீசர். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வெந்நீர் இல்லை என்றால் ரிவ்யூவில் முதல் வரியே அதுதான். ஆகவே கேஸ் கீசர் வாங்குகிறோம், குழாய் மிச்சமாகும் என்று குளியலறைக்குள்ளேயே மாட்டுகிறோம். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிறு கலங்கும். ஒரு கிலோ எல்பிஜி முழுதாக எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். ஐந்துக்கு ஏழு அடியில், எட்டடி உயரத்தில் கட்டிய குளியலறையில் இருக்கிற மொத்தக் காற்றே சுமார் 8 கன மீட்டர்தான். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் சூடாக்குகிற சாதாரண கீசர் முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோவை நெருங்கி எரிக்கும். ஆகக் கால் மணி நேரக் குளியலுக்கே அந்தச் சின்ன அறைக் காற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அடுப்பு கேட்கிறது. குளிக்கிறவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். ஆக்சிஜன் குறையக் குறைய நீலச் சுடர் மஞ்சளாகும், மோனாக்சைடு பெருகும். ஒருவர் குளித்ததும் அடுத்தவர், அவருக்குப் பின் பிள்ளைகள் என்று குடும்பமே வரிசையாகப் போகும்போது கடைசியாகப் போகிறவருக்குத்தான் அபாயம் அதிகம். பெரும்பாலும் அது அந்த வீட்டு அம்மாவாக இருக்கும்.

மலைக்கு இன்னொரு கூடுதல் கஷ்டமும் உண்டு. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரை ஊரைவிட சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கென்று அளவு வைத்து வருகிற பர்னர் இங்கே எப்போதும் கொஞ்சம் மூச்சுத் திணறித்தான் எரியும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பார்கள். குளிர் வருகிறது என்று விருந்தாளி முதலில் அணைப்பதே அந்த ஃபேனைத்தான். சில வீடுகளில் வெண்டிலேட்டரில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்துவைத்திருப்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

கேஸ் கீசர்தான் வேண்டும் என்றால் வீட்டுக்கு வெளியே, மூன்று பக்கம் திறந்த இடத்தில், மழை படாமல் ஒரு சின்னக் கூரை போட்டு மாட்டுங்கள். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். அந்த இடம் ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கக் கூடாது. குழாய்க்கு ஆகும் கூடுதல் செலவைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதீர்கள். முடிந்தவர்கள் கரண்ட் கீசருக்கே மாறிவிடுவது நல்லது. சோலார் ஜனவரி வெயிலுக்கு நன்றாக இருக்கும், ஜூன், ஜூலை மூட்டத்தில் அதை நம்ப முடியாது. கரண்ட் போன நாட்களுக்கு எங்கள் வழி பழைய வழிதான்: கொல்லைப்புறத்தில் விறகு பாய்லர், பக்கெட்டில் வெந்நீர். முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பிள்ளைகள் பக்கெட்டைச் சுற்றி நின்று ஆவி பறப்பதை வேடிக்கை பார்ப்பார்கள்.

அறைக்குச் சூடு வேண்டுமென்றால் நெருப்பில்லாத வழிகள் எத்தனையோ இருக்கின்றன. ஆளுக்கு இரண்டு கனத்த கம்பளி, தரையில் விரிப்பு, படுக்கைக்குள் வைக்க ரப்பர் வெந்நீர்ப் பை. எண்ணெய் நிரப்பிய மின்சார ரேடியேட்டர் மோனாக்சைடு விடாது. ஆனால் 2,000 வாட் இழுக்கும், பழைய வயரிங்கில் செருகினால் அது வேறு ஆபத்து, எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து தனி லைன் இழுத்துக்கொள்ளுங்கள். கம்பி சிவந்து எரிகிற ஹீட்டரை நான் வைப்பதில்லை. ஈரத் துணியை அதன் மேலேயே காயப்போடுகிறார்கள்.

மோனாக்சைடைக் கண்டுபிடித்து அலறுகிற பேட்டரிக் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. புகையைக் கண்டுபிடிக்கிற கருவி வேறு, இது வேறு. வாங்கும்போது பெயரைப் படித்து வாங்குங்கள். படுக்கையில் தலை இருக்கிற உயரத்துக்கு மாட்டலாம். உள்ளே இருக்கிற சென்சாருக்கு ஆயுள் உண்டு, காலாவதியாகும் வருடத்தை அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள்.

இனி, காலையில் விருந்தாளி சொல்கிற தலைவலியைப் பற்றி. நம் ஊரில் தலைவலி, குமட்டல், தலைசுற்றலுக்குக் காரணம் சொல்வது ரொம்பச் சுலபம். போடிமெட்டு வளைவில் வண்டி சுற்றிச் சுற்றி வந்தது, ராத்திரி சாப்பிட்ட பரோட்டா, சிலருக்குக் குடி. இதில் ஏதாவது ஒன்றைச் சொல்லி ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவோம். மோனாக்சைடின் முதல் அறிகுறிகளும் அச்சு அசல் இவையேதான். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் போதும். ஒரே அறையில் தூங்கிய ஒன்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் வந்ததா? காய்ச்சல் இல்லாமல் வந்ததா? முற்றத்துக்கு வந்து நின்றால் குறைகிறதா? ஆமாம் என்றால் அது வளைவும் இல்லை, பரோட்டாவும் இல்லை.

யாராவது குளியலறையிலோ அறையிலோ மயங்கிக் கிடந்தால் முதலில் கதவு ஜன்னலை எல்லாம் அகலத் திறங்கள். முடிந்தால் கேஸை வெளியே சிலிண்டரிலேயே மூடுங்கள். ஆளை வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள். உள்ளேயே நின்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் நீங்களும் விழுவீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் "மயக்கம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "மூடின ரூமுல கரி இருந்துச்சு", "பாத்ரூமுல கேஸ் கீசர் ஓடிச்சு" என்று வாசலிலேயே சொல்லுங்கள். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் 98 என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே காட்டும். ரத்தத்திலிருந்து அந்த வாயு பாதியாகக் குறைய சாதாரணக் காற்றில் நான்கைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம். எழுந்து உட்கார்ந்துவிட்டார், சரியாகிவிட்டது என்று அறைக்கே திருப்பி அனுப்புவது பெரிய தவறு. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தலைவலி லேசாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஒன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். கேரள சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேக்களை டைமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரிக்கும்போது அதிகபட்சம் ஆறு அறை என்றும், உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்றும் வைத்திருப்பது வெறும் சடங்கு இல்லை. இப்போது பல வீடுகள் லீசுக்குப் போய்விட்டன. உரிமையாளர் கொச்சியிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிறார். ராத்திரி வீட்டில் இருப்பது இருபது வயதுப் பையன் ஒருவன். பத்துப் பேர் கும்பலாக வந்து கரி கேட்டால், ரேட்டிங் குறைந்துவிடுமே என்ற பயத்தில் அவன் கொடுத்துத்தான் ஆவான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது, ஏன் என்று அவனுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தோமா? வெளிநாட்டுக்காரர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் விவரம் ஏற்றவேண்டும் என்று அவனுக்குத் தெரியும், அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இதையும் சொல்லிக்கொடுங்கள். மறுத்ததற்காக ஒரு ஸ்டார் குறைந்தால் அதற்கு அவனைத் திட்ட மாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள்.

வண்டி ஓட்டி வருகிற டிரைவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறோம். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டத்தில் அறை கிடைக்காமல், கிடைத்தாலும் அவருக்கென்று இடம் இல்லாமல், டிரைவர் வண்டிக்குள்ளேயே சுருண்டு படுப்பார். குளிர் தாங்காமல் இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டுக்கொள்வார். ஷெட்டுக்குள்ளோ, சுவரை ஒட்டியோ நிறுத்திய வண்டி என்றால் சைலன்சர் புகை அடியில் தேங்கி உள்ளே ஏறும். தமிழ்நாட்டில் 2023-ல் கட்டிட விதிகளையே திருத்தி, ஓட்டல்களில் டிரைவர்களுக்குத் தங்கும் இடம் வேண்டும் என்று சேர்த்தார்கள். நம்மைப் போன்ற சின்ன வீடுகளுக்குச் சட்டம் எதற்கு? ஒரு கட்டில், இரண்டு கம்பளி, ஒரு கழிப்பறை. நாங்கள் விறகு அடுக்கிவைத்திருந்த அறையைக் காலிசெய்து வெள்ளையடித்து அதற்குக் கொடுத்திருக்கிறோம். நன்றாகத் தூங்கிய டிரைவர் மறுநாள் கேப் ரோடு மலைப்பாதையில் உங்கள் விருந்தாளியைப் பத்திரமாகக் கூட்டிப்போவார் என்பதும் இதில் அடக்கம்.

தங்க வருகிறவர்களுக்கு: புக்கிங்குக்குப் போன் செய்யும்போது காலைச் சாப்பாடு என்ன, வியூ எப்படி என்பதோடு, "வெந்நீர் கரண்டா, கேஸா? கேஸ்னா கீசர் எங்க மாட்டியிருக்கு?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். குளியலறைக்குள்ளேதான் என்றால் வேறு அறை கேளுங்கள். வந்துசேர்ந்த பிறகுதான் தெரிகிறது என்றால், முதலில் பக்கெட்டில் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்து, கதவைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்துவிட்டு, அப்புறம் உள்ளே போய்க் குளியுங்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே அதேபோல் கதவு திறந்திருக்கட்டும். பிள்ளைகள் குளிக்கும்போது உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், வெளியே ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.