அப்டேட் பாதியில் நின்றால் தளம் என்ன ஆகும்?

2014 அக்டோபர் 15 அன்று, இணையதளங்களை நடத்த உதவும் ட்ரூபல் 7 மென்பொருளில் இருந்த பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று அடைக்கப்பட்டது. அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் அப்டேட் செய்யாத தளங்கள் தாக்குதலுக்கு ஆளாகிவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று அதன் பாதுகாப்புக் குழு பிற்பாடு எச்சரித்தது. ஆகவே அப்டேட்டைத் தள்ளிப்போட முடியாது. அதே சமயம், அவசரத்தில் தளத்தை உடைத்துக்கொள்ளவும் கூடாது.

ட்ரூபலோ, அதைப் போன்ற வேர்ட்பிரஸோ, தளம் இரண்டு இடங்களில் வாழ்கிறது. நிரல் கோப்புகள் சர்வரின் டிஸ்கில். கட்டுரைகள், பயனர்கள், அமைப்புகள் எல்லாம் டேட்டாபேஸில். கோப்புகளை மாற்றுவது பாதி வேலைதான். புதிய நிரல் டேட்டாபேஸில் ஒரு புதிய அட்டவணையை எதிர்பார்த்து, அது அங்கே இல்லையென்றால் தளம் அப்படியே விழும்.

இதை ட்ரூபல் அழகாகக் கையாளுகிறது. டேட்டாபேஸில் செய்ய வேண்டிய மாற்றங்களை ஒவ்வொரு மாட்யூலும் (ஒரு வசதிக்கான நிரல் தொகுப்பு) எண்ணிட்ட ஃபங்ஷன்களாக, அதாவது சிறு நிரல் துண்டுகளாக, வைத்திருக்கும். எந்த எண் வரை ஓடி முடிந்தது என்பது டேட்டாபேஸிலேயே பதிவாகியிருக்கும். ட்ரூபலைக் கட்டளைகளால் இயக்கும் ட்ரஷ் கருவியில் 'அப்டேட் டிபி' (updatedb) கட்டளையைக் கொடுத்தால், மிச்சம் இருப்பவை மட்டும் வரிசையாக ஓடும். ஆனால் இது ஒருவழிப் பாதை. செய்ததைத் திருப்பும் ஃபங்ஷன் கிடையாது. பழைய கோப்புகளை மட்டும் திரும்ப வைத்தால், மாறிவிட்ட டேட்டாபேஸோடு அவை ஒத்துப்போகாமல் போகலாம். திரும்ப வேண்டுமென்றால் இரண்டும் சேர்ந்துதான் திரும்ப வேண்டும்.

சரி, இதை பிரவுசரிலேயே செய்யலாமே? செய்யலாம். ஆனால் ட்ரூபல் எழுதப்பட்டிருப்பது பிஎச்பி மொழியில். வெப் சர்வர் வழியாக ஓடும் பிஎச்பி நிரலுக்கு வழக்கமான கால வரம்பு 30 வினாடி. பெரிய டேட்டாபேஸில் வேலை நடுவில் அறுந்துபோகும் ஆபத்து உண்டு. ட்ரஷ் போல கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கமாண்ட் லைனில் வழக்கமாக அந்த வரம்பே இல்லை. இன்னொரு லாபம் இதைவிடப் பெரியது என்பேன்: நிரல் கோப்புகளில் எழுதும் உரிமையை வெப் சர்வருக்குத் தரவே வேண்டாம். தளத்தில் ஓட்டை கண்டுபிடித்து நுழைபவரால் அந்தக் கோப்புகளை மாற்றுவது கடினமாகிவிடும். கமாண்ட் லைனிலும் ஒரு கவனம் தேவை. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தால் ஓடிக்கொண்டிருக்கும் வேலையும் நிற்கலாம். அதனால், இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடர்ந்து ஓடவிடும் டீமக்ஸ் போன்ற கருவிக்குள் ஓட்டுவது நல்லது.

வரிசையில் பலர் கோட்டை விடுவது ஒன்று உண்டு. பேக்கப் எடுத்துவிட்டு, அப்புறம் தளத்தைப் பார்வையாளர்களுக்கு மூடும் பராமரிப்பு நிலையை இயக்குகிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் யாரோ ஒரு கருத்தைப் பதிவு செய்திருப்பார். பேக்கப்பை மீட்டால் அது போய்விடும். முதலில் தளத்தை மூடுங்கள், பிறகு பேக்கப் எடுங்கள். ட்ரூபலில் பராமரிப்பு நிலை டேட்டாபேஸில்தான் பதிவாகிறது. எனவே அந்த பேக்கப்பை மீட்டாலும் தளம் மூடியபடியே இருக்கும். நீங்கள் நிதானமாகச் சோதித்துவிட்டுத் திறக்கலாம். பேக்கப் கோப்பைத் தளத்தின் பொது ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். முகவரியை ஊகிக்கும் எவரும் முழு டேட்டாபேஸையும் இறக்கிக்கொள்வார்.