பிரேக் லைனில் புகுந்த காற்று எதைத் தின்கிறது?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "காரில் முன்பக்கக் காலிப்பரை மாற்றினேன். அன்றிலிருந்து பிரேக் பெடல் பஞ்சை மிதிப்பது போல உள்ளே போகிறது. இரண்டு மூன்று தடவை அடித்து அடித்து மிதித்தால் கெட்டியாகிறது. புதுச் சாமான், ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். ஓட்டலாமா?"

ஓட்டக் கூடாது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்தான் காலிப்பர். அதை மாற்ற ஆயில் குழாயைக் கழற்றி மாட்டியபோது காற்று புகுந்திருக்கிறது. அது ஓட ஓடப் போகாது. ஏர் எடுத்தால்தான், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றினால்தான் போகும்.

பாஸ்கல் விதி எல்லோருக்கும் தெரியும்: மூடிய திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவும். பெடலை மிதித்தால் அதோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம் பிரேக் ஆயில் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. "காற்று அழுத்தத்தைக் கடத்தாது, அதனால்தான் பிரேக் பிடிப்பதில்லை" என்று பலரும் சொல்வார்கள். அது தவறு. வண்ணார்பேட்டை பைபாஸில் போகும் பஸ்ஸும் லாரியும் காற்றால்தானே பிரேக் பிடிக்கின்றன? காற்றும் அழுத்தத்தைக் கடத்தும். ஆனால் லாரியில் கம்ப்ரசரும் டேங்கும் வேண்டிய மட்டும் காற்றைத் தருகின்றன. காரிலோ நம் கால் போகும் தூரம் மட்டும்தான் கைவசம். குமிழி தின்பது அந்தத் தூரத்தை.

கணக்குப் போட்டால் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும். லைனில் 5 மில்லி காற்று இருப்பதாக வைப்போம், ஒரு தேக்கரண்டி அளவு. அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 10 மடங்கானால் பாயில் விதிப்படி (அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு காற்றின் கன அளவு குறையும்) அது அரை மில்லியாகச் சுருங்கும். மீதி நாலரை மில்லி இடத்தை மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ஆயிலைத் தள்ளி நிரப்ப வேண்டும். பிஸ்டன் 20 மில்லிமீட்டர் விட்டம் என்றால் அதற்கு 1.4 சென்டிமீட்டர் நகர வேண்டும். பெடலின் நெம்புகோல் விகிதம் 4 என்றால், அதாவது பிஸ்டன் நகரும் தூரத்தைப் போல் 4 மடங்கு கால் இறங்க வேண்டும் என்றால், கால் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் வீணாக இறங்குகிறது! பலமாகப் பிரேக் பிடிக்க இன்னும் பல மடங்கு அழுத்தம் தேவை. அதற்குள் பெடல் தரையைத் தொட்டுவிடலாம்.

அடித்து மிதித்தால் கெட்டியாவது ஏன்? பிஸ்டன் சட்டென்று பின்னால் வரும்போது, சக்கரத்துக்குப் போன ஆயில் திரும்பி வருவதற்குள் மேலே உள்ள டப்பாவிலிருந்து புது ஆயில் ரப்பர் வாஷரைத் தாண்டி உள்ளே இறங்கிவிடுகிறது. அடுத்த மிதியில் அதுவும் சேர்ந்து போய்க் குமிழியை நசுக்குகிறது. காற்று அங்கேயேதான் இருக்கிறது. திடீரென்று குறுக்கே மாடு வந்தால் மூன்று தடவை மிதிக்க நேரம் ஏது?

இரண்டு சிரிஞ்சும் ஒரு டியூபும் இருந்தால் இதையெல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே கையால் உணரலாம். நம் அரசுப் பள்ளிகளில் ஆய்வகத்துக்கென்று ஒதுக்கும் பணம் முதலில் இப்படிப்பட்ட சாமான்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் நம்பிக்கையோடு நிற்காமல், பானட்டைத் திறந்து ஆயில் அளவைப் பார்க்கும் பழக்கமும் அப்போதுதான் வரும்.

ஏர் எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் காலிப்பரில் காற்றை வெளியே விடுவதற்கென்று உள்ள நிப்பிளைக் கொஞ்சம் திறப்பார். குமிழியோடு ஆயில் டியூபில் வரும். நிப்பிளை மூடிய பிறகே பெடலை விட வேண்டும். முந்திவிட்டால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். நிப்பிள் காலிப்பரின் மேல்முனையில் இருக்க வேண்டும், காற்று மேலேதான் நிற்கும். இடம் வலம் மாற்றி மாட்டிய காலிப்பரில் நிப்பிள் கீழே போய்விடும். எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் ஏர் போகாது. வாசகர் முதலில் இதைப் பார்க்கட்டும். டப்பாவில் ஆயில் வற்றவே கூடாது. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும், கையேட்டில் இருக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்திருந்தால், சில கார்களுக்கு அதை இயக்கும் ஸ்கேனர் கருவியும் தேவைப்படும்.

வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்ததற்கு அந்த வரம்பே 140 டிகிரிதான். மாஞ்சோலை மலையிலிருந்து அடிவாரத்து மணிமுத்தாறு வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் காலிப்பர் அந்தச் சூட்டை எட்டக்கூடும். ஆயில் கொதித்து உண்டாகும் ஆவிக்குமிழியும் காற்றைப் போலவே பெடலைத் தின்னும். அதனால் மலையிறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்குங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள்.