கான்கிரீட் எரியாது, சரி. உள்ளே இருப்பது?

தீத்தடுப்பு ஆய்வுக்கு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள்: “கான்கிரீட் பில்டிங் சார், எப்படி எரியும்?” போன வாரம் சொன்னவர், ஒரு பெரிய கட்டடத்தின் பராமரிப்பு மேலாளர். அதற்கு மேல் பொறுமை இல்லை.

சென்னை அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தன் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கிய வேலை அது. 1954-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். 1956-ல் ஆயுள் காப்பீடு அரசுடைமையாக, கட்டி முடியாத கட்டடம் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. லண்டனின் பிரவுன் அண்ட் மூலின் தொடங்கிய வடிவமைப்பை எல்.எம். சித்தலே முடித்துக்கொடுத்தார். 1959 ஆகஸ்டில் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். உயரம் 177 அடி. அன்று நாட்டிலேயே உயரமானது. செங்கல்லும் சுண்ணாம்பும் பழகிய ஊர், கான்கிரீட்டை அண்ணாந்து பார்த்தது.

அதே கட்டடம்தான் 1975 ஜூலையில் தீப்பிடித்து எரிந்தது. கான்கிரீட்தான் சார்!

கான்கிரீட் எரியாது என்பது உண்மை. எரிவது நீங்கள் உள்ளே கொண்டுபோய் வைத்தவை: ஃபால்ஸ் சீலிங், பார்ட்டிஷன் பலகை, கார்பெட், கேபிள், பீரோவில் அடங்காத ஃபைல்கள். கான்கிரீட்டும் தப்பாது. அதிலுள்ள ஈரம் ஆவியாகி மேல்பரப்பைச் சிதறடிக்கும். கம்பி வெளியே தெரியும். 600 டிகிரியை நெருங்கும்போது கம்பியின் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆனால் அது எங்களைப் போன்றவர்களின் கவலை. உங்களுக்கு ஆபத்து அதற்கு வெகு முன்பே புகையாக வந்துவிடும். அதற்குச் சில நிமிடம் போதும்.

காற்று வருகிறதென்று படிக்கட்டுக் கதவுக்கு அடியில் கட்டை வைக்கிறீர்களே, அதோடு படிக்கட்டு புகைபோக்கியாகிவிடுகிறது. (அந்தக் கதவு தானாக மூட வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியதே நாங்கள்தான்.) கட்டையை எடுங்கள், இன்றைக்கே. மின்பலகை அறை ஸ்டோர்ரூம் அல்ல. மாடிக்கு மாடி கேபிள் ஏறும் துளைகளை அடைக்கச் சொல்லுங்கள். கடைசியாகக் கேபிள் போட வந்தவர் இருந்த அடைப்பை உடைத்துவிட்டுப் போயிருப்பார். ஹைட்ரண்ட் (தீயணைக்கும் தண்ணீர்க் குழாய்) பெட்டிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தால் போதாது, பராமரிப்பு ஆளை வைத்துத் திறந்து, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். லிஃப்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

அப்புறம், ஒத்திகை மணி அடிக்கும்போது ‘மீட்டிங்கில் இருக்கிறேன்’ என்று உட்கார்ந்திருக்காதீர்கள், தயவுசெய்து. ஒருமுறையாவது உங்கள் மாடியிலிருந்து தரைத்தளம் வரை படியிலேயே இறங்கிப் பாருங்கள். எந்தக் கதவு பூட்டிக் கிடக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.